மலை ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் ஓட்டப் போட்டி நடத்துவதையே தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஓட ஆசைப்படுகிறவர்கள் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ வண்டியூர் கண்மாய்க் கரையிலோ ஓடிக்கொள்ளட்டும், மலையை விட்டுவிடட்டும் என்பது அவர் கட்சி. அவருடைய கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு, அவரைவிடக் கொஞ்சம் கூடவே உண்டு. ஆனால் தடை என்று வரும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் பி.டி. டீச்சராக வேலை பார்த்தவள் நான். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கோபத்துக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு மேலூர்ப் பக்கம் ஒரு பாறைமலையில் எட்டு கிலோமீட்டர் மலை ஓட்டம் என்று அறிவித்திருந்தார்கள். நடத்தியவர்கள் யார் என்பது இப்போது வேண்டாம். ஆளுக்கு 799 ரூபாய். பனியன், மெடல், ஓடி முடித்ததும் பொங்கல் வடை. மொத்த ஏற்றம் ஆயிரம் அடி என்று நோட்டீசில் போட்டிருந்தது. என் பழைய மாணவி ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். “நானும் போறேன் டீச்சர்” என்றாள். பணத்தை நான் கட்டினேன். அவள் அம்மா அன்றைக்குக் களையெடுக்கும் வேலையை விட்டுவிட்டுத் தூக்குவாளியில் இட்லியோடு கூட வந்திருந்தார். மகளின் நெஞ்சில் 318 என்ற நம்பரை நான்தான் ஊக்கு குத்தி விட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மைக்கில் பாட்டு, மேலே டிரோன். எட்டேகாலுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஒன்பது மணிக்குக் காற்றடைத்த வளைவைப் பிடுங்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை எடுக்கப் போகும்போது புளியமரத்தடியில் அந்த அம்மா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். “டீச்சரம்மா, எம் புள்ள இன்னும் வரலையே” என்றார். மகள் தோழிகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள் என்று அதுவரை நினைத்திருக்கிறார்.

மேசையில் லேப்டாப்போடு இருந்த பையனிடம் போனேன். “எல்லாரும் வந்துட்டாங்க மேடம்” என்றான். மொத்தம் எத்தனை பேர் என்றேன். பதிவு செய்தவர்கள் அறுநூறு பேர் என்றான். அதில் இன்றைக்கு வந்தவர்கள் எத்தனை, மேலே போனவர்கள் எத்தனை, கீழே வந்தவர்கள் எத்தனை? அவனிடம் பதில் இல்லை. அவனைக் குறை சொல்லவில்லை, தினக்கூலிக்கு வந்த கல்லூரிப் பையன். அந்தக் கேள்வியை அன்றைக்கு அங்கே யாருமே கேட்டிருக்கவில்லை.

ஆடு மேய்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏறினோம். பத்து நாற்பதுக்கு மலையின் பின்பக்கம், ஒரு பாறைத் தாழ்வாரத்து நிழலில் கிடந்தாள். சுண்ணாம்பில் போட்டிருந்த அம்புக்குறி ஓரிடத்தில் அழிந்துபோய், வழி மாறி இறங்கி, காய்ந்த மஞ்சம்புல்லில் கால் வழுக்கியிருக்கிறது. கணுக்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. மைக் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கிடந்திருக்கிறாள், இவள் சத்தம்தான் கீழே எட்டவில்லை. பாறை சூடேறி, கையை வைத்தால் எடுக்கிற மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கால் சரியாக ஆறு வாரம் ஆயிற்று. அந்த வருடச் செலக்‌ஷன் போனது போனதுதான்.

அப்போதே உங்களுக்கு எழுத உட்கார்ந்திருந்தால் நானும் தடை செய்யுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். எழுதவில்லை. அடுத்த வருடம் மகளைப் பார்க்கப் போனேன்.

என் மகள் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். மலையின் உயரம் 1,345 மீட்டர். நம் கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இது என்ன பெரிய மலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஊர் கடலோரத்தில் இருக்கிறது, ஏற்றம் அங்கே கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை நிலையம் இருந்தது. அங்கே ஆட்கள் தங்கியிருந்து அளந்து எழுதியதில், ஆண்டுச் சராசரி வெப்பமே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. கீழே சட்டையோடு நடக்கிற ஜூன் மாதத்திலும் மேலே இடுக்குகளில் பனி வெள்ளையாகத் தெரியும்.

அந்த மலை மேல் வருடா வருடம் செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஓட்டப் போட்டி நடக்கிறது. ஊரிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும், 14 கிலோமீட்டர். இதன் தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1895-ல் வில்லியம் ஸ்வான் என்பவர், அந்த ஊரில் முடிவெட்டும் தொழில் செய்தவர், தபால் ஆபீஸ் பக்கமிருந்து கிளம்பி உச்சியைத் தொட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து ஓடிப் பார்த்தார். 2 மணி 41 நிமிடம். ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர் மலையில் ஓடிப் பார்த்தார், அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போதைய சாதனை 1984-ல் கென்னி ஸ்டுவர்ட் ஓடிய 1 மணி 25 நிமிடம் 34 விநாடி. அதே ஊர்ப் பக்கத்து டாக்டர் ஃபின்லே வைல்ட் 2010 முதல் 2019 வரை பத்து வருடம் விடாமல் ஜெயித்தார், அவராலும் அதை உடைக்க முடியவில்லை.

பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இன்னொரு பெயரையும் சொல்லாமல் இருக்க முடியாது. கேத்லீன் கொனோக்கி. 1955-ல் அவளுக்குப் பதினாறு வயது. பெண்ணுக்குப் போட்டியில் இடம் இல்லை என்றார்கள். ஆண்கள் கிளம்பிய பிறகு தனியாகக் கிளம்பி ஓடினாள். மூன்று மணி இரண்டு நிமிடத்தில் மலையைத் தொட்டுத் திரும்பினாள். பெண்களை முறைப்படி போட்டியில் சேர்த்துக்கொள்ள அதற்கப்புறமும் பல வருடம் ஆயிற்று. இந்தக் கதையைத் திரும்பி வந்ததும் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளிடம் சொன்னேன். “அதே பதினாறு வயசா டீச்சர்?” என்று ஒருத்தி இரண்டு தடவை கேட்டாள்.

ஆனால் எனக்குப் பாடமாக இருந்தது இந்தப் பெரிய போட்டி இல்லை. அங்கே கோடைக்காலத்தில் வார நாள் சாயங்காலங்களில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மலையோட்டம் நடக்கும். ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் ஊர், வேலை முடித்து வந்து ஓடலாம். மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஓடப் போகிறேன், அம்மாவையும் அழைத்து வா என்றார். போனோம்.

ஒரு புல்வெளி. வளைவு இல்லை, மைக் இல்லை, பேனர் இல்லை. ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்து, அதற்குள்ளேயே பெயர் எழுதிக்கொண்டிருந்தார் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா. கட்டணம் சில பவுன்தான், அங்கே ஒரு காபியும் பன்னும் வாங்கும் காசு. ஒவ்வொருவரின் இடுப்புப் பையையும் திறந்து பார்த்தார். மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பண்டம். ஒரு பையனிடம் விசில் இல்லை. நல்லா விளையாடுகிற பையன், அங்கே எல்லாருக்கும் தெரிந்தவன் போலிருக்கிறது. போய் விசில் வாங்கி வா, அப்புறம் பெயர் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவனும் முகம் சுளிக்கவில்லை, ஓடிப் போய் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தான்.

தூறல் விழுந்துகொண்டே இருந்தது. மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, காதுக்குள்ளும் புருவத்துக்குள்ளும் புகுந்து கடிக்கிறது. அந்த அம்மா அதைத் தட்டிவிடக்கூட இல்லாமல், தாளுக்கு மேலே ஒரு பாலிதீன் உறையைப் பிடித்துக்கொண்டு, அதற்கடியில் கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால். பேனா இருக்கிறதே, கொடுக்கட்டுமா என்று மகள் மூலமாகக் கேட்டேன். மழையில் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது என்றார். ஓட்டக்காரர்களை ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே விட்டு எண்ணினார். 61. திரும்பவும் எண்ணினார். 61. அப்புறம்தான் விசில் ஊதினார்.

முதலாவதாக வந்தவன் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும். மூடுபனியிலிருந்து ஒரு புள்ளி மாதிரி வெளியே வந்தான். உடம்பைப் பின்னால் சாய்க்கவில்லை. நம் பிள்ளைகளும் சரிவைக் கண்டால் பயத்தில் பின்னால் சாய்வார்கள், அப்போதுதான் குதிகால் வழுக்கும். இவன் சரிவோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி, கையிரண்டையும் கோழி இறக்கை மாதிரி விரித்து, குட்டிக் குட்டி எட்டாக வைத்து வந்தான். கண் காலடியில் இல்லை. மூன்று நாலு எட்டுக்கு அப்பால் இருந்தது. வைக்கப் போகும் காலை முன்பே பார்த்துவிட்டு, வைக்கும்போது அதை மறந்துவிடுகிறான். இதைப் பள்ளியில் எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறுபது பேர் இறங்கிவிட்டார்கள். உச்சியில் நின்றவர் வாக்கி டாக்கியில் அறுபது பேர்தான் மேலே வந்தார்கள் என்று சொன்னார். ஒருவர் இல்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. முதல் பரிசு வாங்க வேண்டிய பையன், தலை இன்னும் ஈரம் காயவில்லை, கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். அவனோடு இன்னும் நாலு பேர். யாரும் போகச் சொல்லவில்லை. காணாமல் போனவர் எந்த இடத்தில் கடைசியாகத் தெரிந்தார் என்று ஒவ்வொருவரிடமும் அந்த அம்மா கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்தால் அந்த மனிதர் வயிற்றுப் பிடிப்பென்று பாதியிலேயே இறங்கி, யாரிடமும் சொல்லாமல் தன் காருக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓட்டத்தை விட்டால் முடிவிடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. அவரை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த அம்மா மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நம்பர் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்த மனிதர் ஷூ மாட்டிய ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம்தான் பரிசு. ஒரு சாக்லேட் டப்பா. எல்லாருக்கும் டீ, கேக்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 318 என்ற நம்பர்தான் கண்ணுக்குள் நின்றது.

அவர்களும் பிறக்கும்போதே இதைப் படித்து வந்தவர்கள் இல்லை. 1957-ல் பென் நெவிஸ் போட்டியில் ஓடிய ஒருவர் குளிரில் விறைத்து மலையிலேயே இறந்தார். பாதி வழியை ஒரு மணி நேரத்துக்குள்ளும் உச்சியை இரண்டு மணி நேரத்துக்குள்ளும் தொடாதவரை இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மழைச் சட்டை இல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் போட்டியைத் தடை செய்யவில்லை.

கணக்குக்கும் அங்கே வழி இருக்கிறது. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். நடக்கிற மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற 2,000 அடிக்குக் கூட ஒரு மணி நேரம். இதை மேலூர் ஓட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர் என்பது ஐந்து மைல், அதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம். ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி. ஆக, ஓடாமல் நடந்தே போனவர்கூட எட்டு பத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். எட்டேகாலுக்குப் பரிசு கொடுக்க மேடை ஏறும்போது கையில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் 318 வரவில்லை என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் அவளைத் தூக்கி வந்திருக்கலாம். ஒரு தாளும் ஒரு பென்சிலும் ஐந்து ரூபாய்.

மலையோட்டங்களை அங்கே ஏற்றத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், இதுவும் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது. கிலோமீட்டருக்கு 50 மீட்டராவது ஏறினால் ‘ஏ’, 25 மீட்டர் என்றால் ‘பி’, 20 என்றால் ‘சி’. தார்ச்சாலை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. 20 கிலோமீட்டருக்கு மேலே போனால் நீளம், 10-க்குக் கீழே குட்டை. மேலூர் ஓட்டம் ‘பி’, குட்டை. இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டால் பெயர் கொடுக்கிறவருக்குத் தன் காலுக்கு இது தாங்குமா என்று தெரியும். இங்கே மைதானத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவர், மலையிலும் எட்டுதானே என்று வந்து நிற்கிறார்.

இப்போது, ஏன் தடை வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்தில் ஸ்கை என்று ஒரு தீவு. அதில் கிளாமைக் என்று ஒரு மலை, 775 மீட்டர், முழுக்கச் சரளைக்கல் சரிவு. 1899-ல் கூர்க்காப் படையைச் சேர்ந்த ஹர்கபீர் தாபா என்ற நேபாளத்துச் சிப்பாய், அடிவாரத்து விடுதியிலிருந்து கிளம்பி அந்த மலை உச்சிக்குப் போய்த் திரும்பினார். ஏற 37 நிமிடம், இறங்க 18, மொத்தம் 55 நிமிடம். வெறுங்காலோடு. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் முதலில் நம்பவே இல்லை, திரும்ப ஓடிக் காட்டச் சொன்னார் என்று கதை சொல்கிறார்கள். இன்றைக்கும் அந்த மலையில் வருடந்தோறும் ஓட்டம் நடக்கிறது, அவர் பெயரைச் சொல்லாமல் அது நடப்பதில்லை. இதை மகள் படித்துச் சொன்னபோது நான் நினைத்தது கீழக்குயில்குடிப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான். ஆட்டுக்குட்டி ஒன்று பாறை மேல் மாட்டிக்கொண்டால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறுவார்கள். நம் பாறை சொரசொரப்பானது, காய்ந்திருந்தால் வெறுங்கால் அட்டை மாதிரி ஒட்டும். ஷூ போட்ட டவுன் பிள்ளை உட்கார்ந்து தவழும் இடத்தில் இவர்கள் நிமிர்ந்து நடப்பார்கள்.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த பெண், ஆரம்பத்தில் ஷூ இல்லாமல் ஓடிய பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினாள். அவளுக்கு ஒரு பயிற்சியாளர் கண்ணில் படும் வாய்ப்பு கிடைத்தது. மலையடிவாரத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். 400 மீட்டர் சிந்தடிக் டிராக் இருப்பது டவுனில். மலை இருப்பது இவர்கள் வீட்டு வாசலில். இவர்கள் ஜெயிக்கக்கூடிய ஒரே ஓட்டத்தைத் தடை செய்துவிட்டு, பஸ் ஏறிப் போய் மைதானத்தில் ஓடு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. 799 ரூபாய் கட்டணம் போடுவதும் ஒரு தடைதான். மேலூர் ஓட்டத்தில் அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். இரண்டு பேர் நம்பர் இல்லாமல் பக்கவாட்டில் ஏறி, முதலாவதாக வந்தவருக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். தொண்டர்கள் அவர்களை விரட்டினார்கள்.

அதே சமயம் எல்லா மலையும் ஓடுவதற்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமணர் மலையில் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிற்பங்களும் வட்டெழுத்துகளும் உள்ள பாறை மேல் நூற்றுக்கணக்கான பேர் ஓடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளை நான் அங்கே வரிசையில் நடத்தித்தான் கூட்டிப்போவேன். அரிட்டாபட்டியை 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே பாறை விளிம்பில் ராஜாளிகள் கூடு கட்டுகின்றன. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் அந்த ஊர்களின் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நின்று, 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். அப்படிக் காப்பாற்றிய மலையில் டிரோன் விட்டுக் கூத்தடிப்பதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்கு அறுத்து, குன்று இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளங்களைப் பார்த்தவர்கள் நாம். மலையில் ஓடிப் பழகிய பிள்ளை அந்த மலையை அறுக்க விடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அனுமதி விஷயத்தில் அங்கே மாதிரி இங்கே இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் மலையில் போகலாம் என்கிறது. இங்கே காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்காமல் கால் வைக்கக் கூடாது, அது சரியும்கூட. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியுமா? 2015-ல் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று கீழே ஒரு தாளில் இருப்பதன் அருமை அந்த மாதிரி நாளில்தான் தெரியும். அரசே 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. நடக்க வழி செய்தவர்களிடம் ஓடவும் வழி கேட்கலாம் என்பது என் எண்ணம்.

அங்கே கொல்வது குளிர், இங்கே வெயில். அதனால் அவர்களைப் பார்த்து அப்படியே மழைச் சட்டையைக் கட்டச் சொல்ல மாட்டேன். நமக்கு ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர், தலைக்குத் துண்டு அல்லது தொப்பி, கழுத்தில் விசில். என் மாணவி கையில் அன்றைக்கு ஒரு பத்து ரூபாய் விசில் இருந்திருந்தால் தொண்டை கிழிந்திருக்காது. மார்கழியில் வேண்டாம், பாறையில் பனி ஈரம் இருக்கும். தைப் பொங்கலுக்கும் மாசி வெயிலுக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து பாதை கண்ணுக்குத் தெரிந்த பின் கிளம்பி, எட்டரைக்குள் கடைசி ஆள் இறங்கிவிட வேண்டும். சுண்ணாம்பு அம்புக்குறியை நம்பாமல், வழி பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். அதற்கு ஆடு மேய்க்கிறவர்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும். அறுபது பேர், நூறு பேர் போதும். அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமே கூடாது. பரிசுக்கு ஊர்க்காரர்கள் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வைத்தால் போதும், எங்கள் காலத்துப் பொங்கல் விளையாட்டுக்கு அதுதான் பரிசு.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரிடமும் இதைப் பேசிவிட்டேன். கோயில் காரியம் மாதிரி எடுத்துச் செய்வோம் டீச்சர் என்றார்கள். கல்வெட்டோ சமண முனிவர்களின் கற்படுகையோ இல்லாத குன்றாகப் பார்த்து, வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவிதான் பாதையை நடந்து பார்த்து நோட்டில் வரைந்து தருகிறாள். அவள் இப்போது போலீஸ் செலக்‌ஷனுக்குத் திரும்பவும் ஓடுகிறாள், கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இப்படிப்பட்ட ஓட்டங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. யார் கொடியசைத்தார், யார் முதலிடம், எவ்வளவு பரிசுத் தொகை என்றெல்லாம் போடுகிறீர்கள். இனிமேல் உங்கள் நிருபர்கள் நடத்துகிறவர்களிடம் மலை ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்றும் கேட்டு, அந்த இரண்டு எண்களையும் செய்தியில் போடச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்கள் நடத்தும் ஓட்டத்துக்குச் செய்தி போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.